கிட்டாருக்குள் புகுந்த சடசடப்பு

ஜோதிகா வாசித்து அனுப்பிய கிட்டார் பதிவு இரண்டாவது முறையும் திரும்பி வந்துவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம், பெருமாநல்லூரில் அவள் வேலை பார்க்கும் நிட்டிங் கம்பெனியில் கடைசித் துணி ரோலைப் பார்த்து முடித்துவிட்டுக் கை கழுவும்போது செல்போன் மினுக்கியது. கோயம்புத்தூரிலிருந்து சரவணக்குமார். தனியாக ஒரு பாட்டுத் தொகுப்பு செய்துகொண்டிருக்கும் இசையமைப்பாளர். ஆறு மாதத்துக்கு முன் திருப்பூரில் நடந்த சர்ச் பாடகர் குழு விழாவில் அவள் வாசித்ததைக் கேட்டுவிட்டு, ஒரு பாட்டுக்குக் கிட்டார் வாசித்து அனுப்பச் சொல்லியிருந்தார்.

'வாசிப்புல குறையே இல்லீங்க. ஆனா நடுநடுவுல சடசடன்னு ஒரு சத்தம் வருது. மிக்ஸ் பண்றவரு திங்கக்கிழமை காலைல உக்கார்றாரு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சுத்தமா ஒண்ணு வந்தா வெச்சுக்கறனுங்க. இல்லீன்னா இங்கயே ஒருத்தர வெச்சு வாசிச்சுக்க வேண்டியதுதான். தப்பா நெனச்சுக்காதீங்க.'

தப்பாக நினைக்க இதில் ஒன்றும் இல்லை. பனியன் தைக்கும் இந்த ஊரில் சாம்பிள் திரும்பி வருவது எல்லோருக்கும் பழக்கம். முதல் சாம்பிள் திரும்பும். கழுத்துப்பட்டியைச் சரி செய்து அனுப்பினால் இரண்டாவதும் திரும்பும். மூன்றாவதும் திரும்பினால் ஆர்டர் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடும். அதற்காக யாரும் ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக்காரனைத் திட்டுவதில்லை. மூன்றாவதை ஒழுங்காகச் செய்யத்தான் பார்ப்பார்கள். ஜோதிகா செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

அவளுக்கு இருபத்தொன்பது வயது. ஐந்தாம் வகுப்பு முடித்த கையோடு சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பெற்றோருடன் இங்கே வந்தவள். குடியிருந்த லைன் வீட்டுக்கு எதிரே சர்ச், சர்ச்சுக்குள் ஒரு கிட்டார். அப்படித்தான் ஆரம்பித்தது. இப்போது வாரத்தில் ஆறு நாள் விளக்கு எரியும் கண்ணாடி மேஜைக்கு முன் நிற்கிறாள். நெய்து வந்த காட்டன் துணி அந்த மேஜை மேல் ஓட ஓட, ஓட்டை, கோடு, எண்ணெய்க் கறை எது கண்ணில் பட்டாலும் நிறுத்தி, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஏழாவது நாள் காலை சர்ச்சில் வாசிப்பாள். அதே நேரத்தில் அவள் கணவன் மாரிச்செல்வம் கறிக்கடை வரிசையில் நிற்பான். அவன் வீட்டில் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். காதலித்துக் கட்டிக்கொண்டவர்களுக்குள் ஞாயிற்றுக்கிழமையை இப்படிப் பிரித்துக்கொள்வதில் சண்டை வந்ததில்லை.

முதல் முறை அனுப்பியது எதனால் திரும்பியது என்பது அவளுக்குத் தெரியும். ஒரே உறுமல். வாசிக்கும்போது தெரியாது, நிறுத்தினால் வண்டு புகுந்த மாதிரி 'ம்ம்ம்' என்று நிற்கும். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கியதும் பாதி குறைந்தது. மீதிப் பாதி எங்கே என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். பிறகு ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில் அது தானாக நின்றது. சாப்பாட்டு நேரம் முடிந்ததும் தானாக வந்தது. அவர்கள் குடியிருப்பது மாடி. கீழே வீட்டுக்காரரின் மகன் அருண்குமார் வரிசையாகத் தையல் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறான். அத்தனை மோட்டார்களின் இரைச்சலையும் கிட்டாரின் கம்பிக்குக் கீழே இருக்கும் காந்தம் பிடித்துக்கொள்கிறது. காதுக்குக் கேட்கும் சத்தம் வேறு, காந்தம் பிடிக்கும் இரைச்சல் வேறு. அன்றிலிருந்து கீழே மெஷின் ஓடாத நேரத்தில் மட்டும் பதிவு செய்வது என்று வைத்துக்கொண்டாள். உறுமல் தீர்ந்தது.

அது தீர்ந்த இடத்தில்தான் இந்தச் சடசடப்பு வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஞாயிறு காலை சர்ச் முடிந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். பதிவு செய்யும் அறை என்று பெயர்தான். ஒரு பீரோ, ஒரு நாற்காலி, மேஜை மேல் லேப்டாப், பக்கத்தில் கிட்டாரின் ஒலியைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றித் தரும் உள்ளங்கை அளவுச் சிவப்புப் பெட்டி. ஆனால் சுவர்கள் மட்டும் பெரிய இடத்து ஸ்டுடியோ மாதிரி இருந்தன. நான்கு பக்கமும் கருநீலத்தில் பஞ்சுபோன்ற துணி, மேலிருந்து கீழ்வரை. மாரிச்செல்வத்தின் கைவேலை. முதலிபாளையம் தொழிற்பேட்டையில் விளையாட்டு உடை தைக்கும் கம்பெனி ஒன்றில் அவன் கட்டிங் மாஸ்டர். ரோல் தீரும்போது மிஞ்சும் கடைசித் துண்டுகளை முறையாகக் கேட் பாஸ் போட்டு வாங்கி, வேனில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, ஏணி போட்டு ஆணி அடித்திருந்தான். நாற்காலிக்கும் அதே துணியில் ஒரு மெத்தை. அவளுக்கும் அதே கம்பெனியின் சாம்பிள் டிராக் பேண்ட், முழுக்கைச் சட்டை. வீட்டில் உட்கார்ந்து வாசிக்க அவ்வளவு சுகம்.

சரவணக்குமார் போனில் சொல்லியிருந்ததை முதலில் செய்து பார்த்தாள். கம்ப்யூட்டர் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி விழுங்குகிறது, அள்ளும் அளவு சின்னதாக இருந்தால் மூச்சுத் திணறி இப்படிச் சடசடக்கும், அளவைக் கூட்டிப் பாருங்கள் என்றிருந்தார். கூட்டினாள். உடனே வேறு கோளாறு முளைத்தது. கம்பியைத் தட்டுவது இப்போது, காதில் விழுவது அப்புறம். தன் பின்னாலேயே யாரோ பழித்துக் காட்டிக்கொண்டு வருவது போல இருந்தது. சரி, தாமதத்தைப் பொறுத்துக்கொண்டாவது வாசிப்போம் என்று வாசித்தாள். சடசடப்பு அப்படியே இருந்தது.

வயரை மாற்றினாள். சர்ச்சிலிருந்து கேட்டு வாங்கி வந்த இன்னொரு வயர். அப்படியே இருந்தது. சிவப்புப் பெட்டியை வேறு ஓட்டையில் சொருகினாள். லேப்டாப்பின் வைஃபையை அணைத்தாள். செல்போனைக் கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்தாள். ஒன்றும் மாறவில்லை.

அப்போதுதான் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தாள். வாசித்த பாட்டு ஒரு நீளமான துணி போல இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருந்தது. சடசடப்பு வந்த இடங்களில் ஊசி குத்தியது போலச் செங்குத்தாகச் சின்னக் கோடுகள்.

கம்பெனியில் கண்ணாடி மேஜைக்கு முன் நிற்கும்போது அவள் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுண்டு: பழுது திரும்ப வருகிறதா? ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் அது மெஷினின் வேலை. ஊசி உடைந்திருக்கும், அல்லது நூல் வரும் வழியில் ஏதோ சிக்கியிருக்கும். போய் மெஷினைப் பார்க்க வேண்டும். ஒழுங்கில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தால் மெஷினை நோண்டிப் பயனில்லை. அது தூக்கும்போதோ இறக்கும்போதோ மனிதக் கை பட்டு வந்தது.

திரையில் இருந்த கோடுகளுக்கு ஒழுங்கே இல்லை. இரண்டு சேர்ந்தாற்போல், பிறகு ஒன்றுமே இல்லை, பிறகு ஐந்தாறு.

"அப்ப மெஷின் இல்ல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காலையிலிருந்து நோண்டிக்கொண்டிருந்தது முழுக்க மெஷினைத்தான்.

கிட்டாரைப் பாயில் படுக்க வைத்து, வயரைச் சொருகியபடியே விட்டு, தள்ளி நின்று பதிவை ஓடவிட்டாள். திரையில் சலவை செய்து காயப்போட்ட துணி மாதிரி சுத்தமான கோடு. கம்ப்யூட்டர், பெட்டி, வயர் மூன்றும் தப்பித்தன. பிறகு கிட்டாரை மடியில் எடுத்து வைத்து, ஒரு கம்பியையும் தொடாமல், வாசிக்கிற மாதிரி வலது கையை மட்டும் மேலும் கீழும் அசைத்தாள். கிட்டாரின் முகத்தில் ஒட்டியிருந்த கறுப்புப் பிளாஸ்டிக் தகட்டின் மேல் சட்டைக் கை உரசியது.

ஹெட்போனுக்குள் சடசட.

தன்னிடமிருந்துதான் வருகிறது. ஆனால் என்ன வருகிறது என்று தெரியவில்லை. உரசுகிற சத்தமா என்று பார்த்தால் உரசி முடித்த பிறகும் ஒன்றிரண்டு வெடித்தன.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு மாரிச்செல்வம் வந்தான். ஒரு கையில் கறிப் பை.

"என்ன புள்ள, கண்டுபிடிச்சிட்டியா?"

"பாதி. பேசாம இருங்க, ஓடிக்கிட்டு இருக்கு."

"அப்ப நான் எங்கிட்டுத்தான் போறது?" என்று முனகியபடி, அவள் வயரை மிதிக்காமல் சுவரோடு சுவராக ஒட்டி நகர்ந்தான். துணி அவன் முதுகில் உரசிக்கொண்டே வந்தது. பீரோவின் கைப்பிடியில் கை வைத்தவன், "ஸ்ஸ்" என்று கையை உதறினான்.

அதே நொடியில் ஜோதிகாவின் ஹெட்போனுக்குள் 'டப்' என்று ஒன்று வெடித்தது.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். "இப்ப என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல, ஷாக்கு. சுள்ளுன்னு."

"பீரோவுல ஏதுங்க கரண்டு?"

"பீரோவுல இல்ல. துணில. எங்க கட்டிங் டேபிள்ல டெய்லி இதான். மாசி பொறந்துட்டா காத்துல ஈரமே இருக்காது. பாலியஸ்டர விரிச்சு அடுக்க அடுக்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடும், பிரிச்சா பொரிபொரின்னு பொரியும். புதுசா வந்த பயலுக அலறுவானுக. மருந்து அடிச்சுத்தான் அடங்கும்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினான். சுவரைப் பார்த்தான். நாற்காலி மெத்தையைப் பார்த்தான். அவள் சட்டையைப் பார்த்தான்.

கம்பெனியில் ஜோதிகாவின் மேஜைக்குக் காட்டன் தவிர வேறு துணி வந்ததில்லை. அவளுக்குத் துணி என்றால் சத்தத்தை உறிஞ்சும், வியர்வையை உறிஞ்சும், அவ்வளவுதான். துணிக்கு மின்னல் வரும் என்று அவள் எங்கே கண்டாள்?

"அப்ப நாந்தான் கெடுத்தேனாக்கும்," என்றான் மாரிச்செல்வம்.

"நீங்க இல்ல. துணி."

"அந்தத் துணிய எவன் அடிச்சான்?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "இன்னொண்ணும் சொல்லிர்றேன், கோவப்படக் கூடாது. இந்தக் கிட்டாரு சத்தம் வயர்லதான் போகுது. மைக்கே கெடையாது. சொவத்துல துணி இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

"இத அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"வாய் நெறைய ஆணிய வச்சுக்கிட்டு ஏணி மேல நின்னீங்க. என்னத்தச் சொல்ல?"

அவன் கறிப் பையை அவள் கையில் கொடுத்தான். ஏணியை எடுத்து வந்தான். அடித்த ஆணிகளை அவனே பிடுங்கினான். துணி ஒவ்வொன்றும் பொரிந்துகொண்டே இறங்கியது. அவள் சட்டையையும் பேண்டையும் மாற்றி, கம்பெனியில் போடும் பழைய காட்டன் சுடிதாரைப் போட்டுக்கொண்டாள். மெத்தையை எடுத்துவிட்டு வெறும் மர நாற்காலியில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தாள். சடசடப்பு முக்கால்வாசி போயிருந்தது. கால்வாசி பிளாஸ்டிக் தகட்டிலேயே தங்கியிருந்தது.

"அந்த மருந்துன்னீங்களே, அது என்னது?"

"சாஃப்ட்னர் மாதிரிதான். கம்பெனி இன்னைக்கு லீவாச்சே. வீட்டுல வாஷிங் மெஷின்ல கடைசியா ஊத்துவாங்களே, வாசமா ஒண்ணு, அதுக்குக்கூட அடங்கும்."

வாஷிங் மெஷின் கீழே வீட்டுக்காரம்மாவிடம்தான் இருந்தது. குழந்தையம்மாள். நாலு ஏக்கரும் இந்தக் கட்டடமும் அவர் பெயரில். கீழே ஓடும் யூனிட் மகன் பெயரில் இருந்தாலும் சாவிக்கொத்து அவர் இடுப்பில். ஜோதிகா கிண்ணத்தோடு போய் நின்றபோது முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, துணிக்கு ஊத்துற சாஃப்ட்னர் ஒரு மூடி கெடைக்குங்களா?"

"எடுத்துக்க கண்ணு. என்ன தொவைக்கற?"

"கிட்டாருங்க."

குழந்தையம்மாள் கீரையைக் கீழே வைத்தார். "கிட்டாரத் தொவைக்கறயா?"

"தொடைக்கத்தாங்க. கரண்டு ஏறிக்குது."

"அக்கட்டால பத்தரமா வெச்சுத் தொடைச்சுக்க கண்ணு. உங்கூட்டுக்காரரு துணியில ஊட்ட மூடறாரு, நீ கிட்டார வாசம் பண்ற. நல்ல சோடிதான்."

ஒரு மூடிச் சாஃப்ட்னரைத் தண்ணீரில் கலந்து, பனியன் துண்டை நனைத்துப் பிழிந்து, தகட்டை மெல்லத் துடைத்துக் காயவிட்டாள். கிட்டார் முழுக்க மல்லிகை வாசனை. பதிவை ஓடவிட்டுத் தகட்டின் மேல் கையை நன்றாகத் தேய்த்தாள். திரையில் ஒரு கோடு இல்லை. அள்ளும் அளவைப் பழையபடி குறைத்தாள். தாமதமும் போனது. கைக்கும் காதுக்கும் இடையே ஒருவரும் இல்லை.

"இப்பப் பாருங்க," என்று மாரிச்செல்வத்திடம் சொல்லிவிட்டு, விரலைச் சொடுக்கி, முதல் கம்பியில் கை வைத்தாள்.

கீழே ஒரு மெஷின் ஓடத் தொடங்கியது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு எல்லாம்.

ஹெட்போனுக்குள் உறுமல்.

மாரிச்செல்வம் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். "ஆளுங்க வந்துட்டாங்க. ஓவர்டைம் போல."

ஞாயிறு மதியம் யூனிட் ஓடினால் அர்த்தம் ஒன்றுதான். சரக்கு இன்று இரவே ஏற வேண்டும். அதை நிறுத்தச் சொல்ல இந்த ஊரில் ஒருவருக்கும் வாய் வராது. ஜோதிகாவுக்கும் வரவில்லை. நாற்காலியை ஒவ்வொரு திசையாகத் திருப்பிப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் உறுமல் கொஞ்சம் அடங்கியது. போகவில்லை. மொட்டை மாடிக்குக் கொண்டுபோனால்? அங்கே தலைக்கு மேலேயே மின்கம்பி. சர்ச்சுக்குப் போனால்? சாயங்காலம் அங்கே ஒரு நிச்சயதார்த்தம்.

"விடு புள்ள," என்றான் மாரிச்செல்வம். "அந்தாளுகிட்ட ஒரு நா தவணை கேளு."

"மிக்ஸிங் நாளைக்குக் காலைல. தவணை எங்கிட்டிருந்து வரும்?" என்றவள் எழுந்தாள். "டீக்கு விடுவாங்கல்ல?"

மறுபடி படியிறங்கிப் போனாள். குழந்தையம்மாள் இப்போது பஜ்ஜிக்காரனுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, டீக்கு எப்ப விடுவீங்க?"

"நாலு மணிக்கு. கா மணி நேரம்."

"அந்தக் கா மணி நேரம் மெஷின் மட்டும் நின்னாப் பத்தாதுங்க. மோட்டாரும் நிக்கோணும். மெயின அணைக்க முடியுங்களா? நா வாசிச்சு அனுப்போணும். இன்னைக்கு விட்டா வேற ஆள் வாசிச்சுருவாங்க."

இத்தனை வருஷத்தில் தன் வாயிலும் கொங்குப் பேச்சின் 'ஓணும்' ஏறிவிட்டதை அவள் கவனிக்கவில்லை. குழந்தையம்மாள் கவனித்தார். அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"உன்ற பாட்டு எங்க வரும்? டீவிலயா?"

"செல்லுல வருங்க. கிட்டார்னு போட்டு என் பேரு வரும்."

"மெயின அணைச்சாக் கரண்டு மிச்சம்தான். நாலு மணிக்குப் போயி உக்காரு. ஆனா ஒண்ணு, ஆளுங்க டீ குடிச்சு முடிச்சா நிக்க மாட்டாங்க. பீஸ் ரேட்டு, தெச்சாத்தான் காசு."

நாலு மணிக்குக் கீழே சத்தம் நின்றது. பிறகு 'டக்' என்று மெயின் விழுந்தது. உறுமல் வெட்டியெடுத்தாற்போல் மறைந்தது. லேப்டாப் பேட்டரியில் இருந்தது. மாரிச்செல்வம் படிக்கட்டின் மேல்படியில் காவலுக்கு உட்கார்ந்தான். கம்பிகளைச் சுருதி சேர்த்து, ஒலி அளவைச் சரிபார்க்கவே ஏழெட்டு நிமிடம் போய்விட்டது.

பாட்டு நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். முதல் தடவை நன்றாகப் போனது. மூன்றாவது சரணத்துக்கு மாறும் இடத்தில் விரல் வழுக்கியது. சாஃப்ட்னர் கையிலும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. ஜோதிகா வாய்க்குள் ஒன்று சொல்லிக்கொண்டு, துப்பட்டாவில் விரலை அழுத்தித் துடைத்தாள். அதைச் சரிசெய்ய வெட்டி ஒட்டலாம். வெட்டி ஒட்டிய இடம் தெரியத்தான் செய்யும், அவள் கண்ணுக்காவது தெரியும். முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

இந்த முறை திரையைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள். மாறும் இடம் வந்தது, போனது. கடைசி ஸ்வரத்தை மீட்டிவிட்டுக் கையை அசைக்காமல் வைத்திருந்தாள். அது தேய்ந்து, மெலிந்து, ஒன்றுமில்லாமல் ஆகும்வரை மூச்சையும் விடவில்லை. நேரம் கடந்துவிட்டது அவளுக்குத் தெரியும். எந்த நொடியிலும் மெயினைத் திரும்பப் போட்டுவிடலாம்.

போடவில்லை. பதிவை நிறுத்திச் சேமித்த பிறகுதான் ஹெட்போனைக் கழற்றினாள்.

படியில் உட்கார்ந்திருந்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான். "கீழ கேட்டியா நீ? அருண்குமாரு, 'டீ டைம் முடிஞ்சுதும்மா, மெயினப் போடு'ங்கறாரு. இந்தம்மா, 'பஜ்ஜி இன்னும் வரலீடா, ஆளுங்க வெறும் வவுத்தோட தெச்சா ஆகுமா'ங்குது. பஜ்ஜி எப்பவோ வந்துருச்சு. மூடி போட்டு முந்தானைக்குள்ள வச்சுருக்கு."

கொஞ்ச நேரத்தில் அந்தம்மாவே பஜ்ஜித் தட்டோடு மேலே வந்தார். "ஏங்கண்ணு, எப்ப வாசிக்கப் போற? இன்னேரமும் மெயின அணைச்சு வெச்சுட்டு நிக்கறேன், ஒரு சத்தத்தயும் காணோம்."

"வாசிச்சு முடிச்சுட்டனுங்க."

"கீழ ஒண்ணுமே கேக்கலியே."

ஜோதிகா ஹெட்போனை எடுத்து அவர் காதில் மாட்டிவிட்டு, பதிவைத் தொடக்கத்திலிருந்து ஓடவிட்டாள். குழந்தையம்மாள் தட்டைப் பிடித்தபடியே நின்றார். கீழே மெயினைப் போட்டு மெஷின்கள் ஓடத் தொடங்கியதுகூட அவருக்குக் கேட்கவில்லை. பாட்டு முடியும்வரை நின்றுவிட்டு, தானே ஹெட்போனைக் கழற்றினார்.

"இது நம்மூட்டு மேலயா வாசிச்ச?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் தட்டை மேஜையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அனுப்பிவிட்டுக் கறி ஆக்கினார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செல்போன் மினுக்கியது. ஜோதிகா இடது கையால் எடுத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன, திரும்பிருச்சா?" என்றான் மாரிச்செல்வம், சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு.

அவள் வாசித்துக் காட்டினாள். "'சுத்தமா இருக்குதுங்க. இதையே வெச்சுக்கறேன். பேர எப்படிப் போடட்டுமுங்க?'"

"எப்படின்னா? ஜோதிகான்னுதான்."

இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அவள் தன் பெயரைத் தட்டி அனுப்பினாள். சுவரோரம் கருநீலத் துணி மூட்டையாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தது. மாரிச்செல்வம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இத என்ன செய்யிறது?"

"கம்பெனிக்கே கொண்டு போங்க."

"கேட் பாஸ் போட்டு வெளிய வந்ததத் திருப்பி உள்ள கொண்டு போனா, செக்யூரிட்டி என்னயத்தான் புடிச்சு உள்ள போடுவான்."

"அப்ப ஓனரம்மாகிட்டக் கேட்டுப் பாக்கலாம், அவங்க காருக்குப் போர்வையாப் போட்டுக்கிடட்டும். அடுத்த மாசம் நான் பாடியும் அனுப்பப் போறேன். அதுக்கு மைக் வேணும், மைக் வந்தா சொவத்துக்குத் துணியும் வேணும்," என்றாள் ஜோதிகா. "அப்ப என் கம்பெனிலருந்து நானே கேட் பாஸ் போட்டு வாங்கிட்டு வாறேன். காட்டன். ஆணி மட்டும் நீங்க அடிங்க."